ஃ எந்தப் பக்கம் மேல்?

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து பத்துக்குச் செல்வி தொலைபேசியில் அழைத்தாள். நான் வேலையை விட்டு ஏழு மாதங்களாகின்றன. நர்சரியில் என் மேசையும் என் குறிப்பேடுகளும் இப்போது அவளிடம் இருக்கின்றன. செல்வி மதுரைக்காரி. தோட்டக்கலையில் பட்டம் பெற்றவள். வேகமாக வேலை செய்வாள். அதைவிட வேகமாகப் பேசுவாள்.

"அக்கா, பிஸியா?"

"இல்லை, சொல்லுங்கோ."

"உங்க பழைய நோட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டு இருக்கேன். ஒரு பக்கத்துல வெறும் ஃ போட்டு, பக்கத்துல கேள்விக்குறி போட்டிருக்கீங்க. அதை நான் என்னன்னு எடுத்துக்க?"

"எத்தனையாம் சாடி?"

"முப்பத்தொண்ணு. இருபத்துமூணுலயும் இதே ஃ, இதே கேள்விக்குறி. ஒரே குறிப்பு ரெண்டு தொட்டிக்கு எப்படிக்கா வரும்? இந்த சாஃப்ட்வேர் வேற கேள்விக்குறியை ஏத்துக்க மாட்டேங்குது. எடுத்துரட்டுமா?"

"நாளைக்குச் சொல்லுறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்று சனிக்கிழமை. அவள் கேட்டது ஒரு வரி. அதற்கு ஒரு வரியில் பதில் எழுத நான்கு நாட்களாக முயன்றும் முடியவில்லை. ஆகவே நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

ஒக்லாந்தின் தெற்கு ஓரத்தில், பாபகூராவுக்கு அப்பால், மலையடிவாரத்தில் இருக்கும் அந்த நர்சரியில் நான் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தேன். பூக்கிழங்குகள் மட்டும் வளர்க்கும் இடம் அது. என்னை வேலைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம் என் கையெழுத்து. யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவள் நான். இங்கே வந்த புதிதில், மவுண்ட் ரோஸ்கில்லில் இருந்துகொண்டு, பிஸ்கட் பெட்டி அடுக்கும் வேலை செய்தேன். பிறகு பாபகூராவில் வீடு கிடைத்தது; நர்சரியில் பெயர்ப்பட்டி எழுத ஆள் தேடினார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் வெள்ளை பிளாஸ்டிக் பட்டிகளில் பென்சிலால் பெயர் எழுதியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. நூற்றுக்கணக்கான பெயர்கள் தெரியும். அந்தப் பெயர்களுக்குரிய பூக்களில் பத்துக்கூடத் தெரியாது. ஐம்பத்தேழு வயதில் முழங்கால்கள் மறுத்துவிட்டதால் வேலையை விட்டேன். கடைசிப் பதினான்கு ஆண்டுகள் முழுக்க முழுக்க ஸ்நோட்ராப் என்ற வெள்ளைப் பூவோடுதான் போயின.

அந்தப் பெயரிலேயே என் குழப்பம் தொடங்கியது. ஒக்லாந்தில் யாரிடமாவது ஸ்நோட்ராப் எங்கே இருக்கிறது என்று கேட்டால், தங்கள் வீட்டுத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கே முழங்கால் உயரத்தில் ஒரு புதர் நிற்கும். ஒரு தண்டில் நாலைந்து வெள்ளை மணிகள், ஒவ்வொரு இதழ் நுனியிலும் ஒரு பச்சைப் பொட்டு. அது ஸ்நோட்ராப் அல்ல, அதன் உறவுக்காரி. ஸ்நோஃப்ளேக் என்பது சரியான பெயர். ஆனால் இந்த ஊர் முழுக்க அதை ஸ்நோட்ராப் என்றுதான் சொல்கிறது. நானும் மூன்று ஆண்டுகள் அப்படியே நம்பினேன். "என் வீட்டில் நிறைய நிற்கிறது" என்று என் மேலாளர் ரூத்திடம் பெருமையாகச் சொன்னேன். ரூத் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். ஒரு மணியைச் சுட்டிக்காட்டி, விரல்களால் ஒன்று, இரண்டு என்று ஆறு வரை எண்ணினார். ஆறு இதழ்களும் ஒரே நீளம். மறுநாள் வேலையிடத்தில் உண்மையான ஸ்நோட்ராப் ஒன்றைக் காட்டி, அதேபோல எண்ணினார். வெளியே நீளமாக மூன்று, உள்ளே குட்டையாக மூன்று. பச்சைக் கோலம் உள்ளே இருக்கும் மூன்றிலும். ஒரு தண்டுக்கு ஒரே பூ. அவ்வளவுதான் பாடம்.

ஒக்லாந்தின் குளிர் அந்தச் செடிக்குப் போதாது. நகரத்துக்குள் பலர் வாங்கி நடுவார்கள்; இலை வரும், பூ வராது. எங்கள் நர்சரி ஒரு பள்ளத்தில் இருந்தது. இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் சில காலைகளில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அந்தச் சில காலைகளை நம்பித்தான் ரூத் அறுபது வகைகளை வைத்திருந்தார்.

ரூத்தின் முறையை எழுத வேண்டும். இரண்டாய் மடித்த ஒரு சாக்கைத் தரையில் போட்டு அதன்மேல் முழங்காலிட்டு உட்காருவார். கழுத்தில் சப்பாத்துக் கயிற்றில் கட்டிய பூதக்கண்ணாடி தொங்கும். முதலில் இலைகள் மண்ணிலிருந்து வெளிவரும் இடத்தைப் பார்ப்பார். இரண்டு இலைகளும் கைகூப்பியதுபோல் ஒட்டி வருகின்றனவா, வெற்றிலைச் சுருள்போல் ஒன்று மற்றதைச் சுற்றி வருகிறதா, அல்லது சேலைக் கொசுவம்போல் ஓரம் மடிந்து வருகிறதா? இந்த உவமைகள் என்னுடையவை; ரூத் கைகளை வைத்துக் காட்டுவார். அடுத்து பூவுக்கு மேலே இருக்கும் பச்சை முடிச்சு. அடுத்து வெளி இதழ். உள் இதழின் பச்சைக் கோலத்தைக் கடைசியில்தான் பார்ப்பார். எல்லோரும் முதலில் அதைப் பார்ப்பதால்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள் என்பது அவர் கணக்கு. பூவைத் தொடக் கூடாது என்பது கண்டிப்பான சட்டம். தொட்டால் இதழில் பழுப்புக் கறை விழும். ஆகவே தலையைத்தான் தாழ்த்த வேண்டும். மூன்று நாள், மூன்று தரம் பார்த்த பிறகே பெயர் சொல்லுவார். அதுவரை சாடியில் சிவப்புப் பட்டி, அதில் "தெரியாது." அப்படிப்பட்ட சாடிகளுக்கென்றே ஒரு தனி மேசை இருந்தது.

நான் எதையாவது எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தால் ரூத் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "நீ பார்த்தாயா?" நன்று என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. திருப்தியாக இருந்தால் தன் காதில் செருகிய பென்சிலை எடுத்து என்னிடம் தருவார். பத்து நிமிடம் கழித்துத் திருப்பி வாங்கிக்கொள்வார்.

குறிப்பேட்டில் கோலங்களை நான் தமிழ் எழுத்துகளால் குறித்தேன். பெரும்பாலான வகைகளில் அது 'ப' மாதிரி இருக்கும். ஒன்றில் 'ட'. சிலவற்றில் 'ப'வுக்கு ஒரு புள்ளி சேர்ந்திருக்கும். ஆங்கிலத்தில் நாலு வரி எழுத வேண்டியதை ஒரு எழுத்தில் முடித்தேன். அதை "உன் ரகசிய மொழி" என்று சொல்லி ரூத் விட்டுவிட்டார். அந்த வசதிதான் பிறகு என்னை மாட்டிவிட்டது.

ராமையா அங்கிள் மலேசியாவிலிருந்து வந்தவர். ஒனிஹங்காவில் வீடு, பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஒரு ஜூலை மாதம், மடியில் ஒரு சாடியை வைத்துக்கொண்டு டாக்சியில் வந்து இறங்கினார். நான் என் கணவருடன் தொலைபேசியில் தமிழில் கதைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"தமிழா மா? நல்லதாப் போச்சு. பசியாறிட்டியா?"

"ஓம் அங்கிள். சொல்லுங்கோ."

"இது என் பூ. நானா உண்டாக்குனது. வேற எங்கயும் இல்ல, கேட்டுக்க."

விஷயம் இதுதான். ஒரு பயணி கொடுத்த இரண்டு மூன்று ஸ்நோட்ராப் கிழங்குகளை அவர் வீட்டின் தெற்குப் பக்கத்தில், வெயில் படாத சுவரோரம் வைத்திருந்தார். குளிர் போதாது என்று யாரோ சொல்ல, ஜூன் முழுவதும் மீன்கடையில் ஐஸ் வாங்கிவந்து காலையில் மண்மேல் கொட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவருக்குப் பைத்தியம் என்று நினைத்தார்களாம். பூத்து, விதை விழுந்து, அதில் ஒரு நாற்று மட்டும் தாயைப்போல இல்லாமல் வந்தது. உள் இதழில் ஒட்டிய கோலம் இல்லை. தனித்தனியாக மூன்று பச்சைப் புள்ளிகள்.

"நம்ம ஆயுத எழுத்து மாதிரி லா. ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல நாலாவது வரைக்கும் படிச்சேன். மறக்காத ஒரே எழுத்து அதான். வாத்தியார் மூணு தரம் குட்டுவார், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒண்ணு."

வீட்டை விற்றுவிட்டு யூனிட் எனப்படும் ஒரு சின்ன வீட்டுக்குப் போவதால், இரண்டு கிழங்குகள் கொண்ட அந்தச் சாடியை எங்களிடம் ஒப்படைக்க வந்திருந்தார். பெருக்கித் தர வேண்டும். இரண்டு மூன்று குளிர்காலம் கழித்து ஒரு சாடியைத் திருப்பித் தந்தால் போதும். மீதியை ரூத் வைத்துக்கொள்ளலாம். ரூத் ஒப்புக்கொண்டார். நான் சாடிக்கு எண் முப்பத்தொன்று என்று எழுதி, குறிப்பேட்டில் "ஃ" என்று எழுதினேன். அவர் டாக்சியில் ஏறிப் போனார்.

இடம் மாறிய கிழங்குகள் கோபித்துக்கொள்ளும். அடுத்த இரண்டு குளிர்காலங்களும் அந்தச் சாடியில் இலை மட்டுமே வந்தது.

மூன்றாம் கோடையில் புகேகோ வந்தது. இந்த ஊரில் எல்லோருக்கும் அந்தப் பறவையைத் தெரியும்: நீல உடம்பு, சிவப்பு மூக்கு, வயலுக்கு வந்த கோழிபோல் நீளக் காலைத் தூக்கித் தூக்கி நடை. எங்கள் குட்டை வற்றியதால் நாலைந்து ஒன்றாக மேலே ஏறி வந்தன. மண்ணில் செருகியிருந்த வெள்ளைப் பட்டிகளைத் தண்டு என்று நினைத்தனவோ என்னவோ, ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டன. திங்கட்கிழமை காலை நான் போனபோது இருபத்தாறு பட்டிகள் வேலியோரம் கிடந்தன. ஜனவரி மாதம்; இலைகள் எல்லாம் காய்ந்து போயிருந்தன. சாடிகளுக்குள் சின்ன வெங்காயம் மாதிரி கிழங்குகள். எந்தக் கிழங்கையும் பார்த்து எது எது என்று சொல்ல ரூத்தாலேயே முடியாது.

சாடிகளின் இட வரைபடம் என்னிடம் இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் மணல் மாற்றுவதற்காக எல்லாச் சாடிகளையும் இடம் மாற்றியிருந்தோம். புதிய வரைபடத்தைத் திங்கட்கிழமை வரைவதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு வார இறுதிதான் இடையில். பதினான்கு ஆண்டுகளில் அந்த ஒரு தடவைதான் நான் அன்றைய வேலையை அன்றே முடிக்காமல் போனது; அன்றைய நாட்குறிப்பில் அதை எழுதி, கோடிட்டிருக்கிறேன்.

ஆறு மாதம் காத்திருந்து, இலை வந்ததும் இலையால் கொஞ்சம், பூத்ததும் பூவால் கொஞ்சம் என்று இருபத்துநான்கு சாடிகளின் பெயரை மீட்டோம். மிஞ்சியவை இரண்டு. இரண்டிலும் வெற்றிலைச் சுருள் இலை. இரண்டிலும் மூன்று புள்ளிகள். ஒன்று ராமையா அங்கிளின் முப்பத்தொன்று. மற்றது இருபத்துமூன்று, ரூத் தானே விதையிலிருந்து வளர்த்த பெயரில்லாத நாற்று. அதற்கு ரூத் எழுதிவைத்த குறிப்பு "மூன்று புள்ளிகள்" மட்டுமே.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஸ்நோட்ராப் தலைகுனிந்து தொங்கும் பூ. காம்பு மேலே, இதழின் நுனி கீழே. ஒரு சாடியின் பூவில் காம்புப் பக்கம் ஒரு புள்ளி, நுனிப் பக்கம் இரண்டு. மற்றதில் காம்புப் பக்கம் இரண்டு, நுனிப் பக்கம் ஒன்று. தொங்கும்போது பார்த்தால் முதலாவதுதான் ஃ. இரண்டாவது தலைகீழ் ஃ. பூவை விரலால் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் எல்லாம் மாறிவிடும். முதலாவது தலைகீழாகும், இரண்டாவது ஃ ஆகும்.

என் குறிப்பேட்டில் இருந்ததோ "ஃ." அம்புக்குறி இல்லை. தொங்கியபடியா, தூக்கிப் பிடித்தா என்று இல்லை. நான் எதையும் விட்டுவிடாமல் எழுதுகிறவள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த வாரமே ராமையா அங்கிள் தொலைபேசியில் அழைத்தார்.

"பூத்துருச்சா மா?"

"பூத்திட்டுது அங்கிள்."

"இந்தக் குளிருக்கே குடுத்துடுறியா? கண்ணுல நடுப்பக்கம் போயிக்கிட்டு இருக்கு. டாக்டரு ஊசி போடுறாரு, ஆனா பிடிச்சு வைக்கத்தான் முடியும்ங்குறாரு. ஓரத்தாலதான் பாக்குறேன். அடுத்த குளிருக்கு எப்படியோ தெரியாது."

வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான், எதைக் கொண்டுபோவது என்ற கேள்வி வந்தது. வேறு யாரிடமும் அந்தப் பூ இல்லை. பழைய வீட்டை வாங்கியவர்கள் சுவரோரத்தில் சிமெந்து போட்டுவிட்டார்கள். அவரிடம் இருந்த ஒரே படத்தில் மூடிய மொட்டும் அவருடைய கட்டைவிரலும்தான் தெரிந்தன. பிழையான சாடியைக் கொடுத்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் என்னை மிகவும் பயப்படுத்தியது.

ரூத் என்னைச் சாக்கின்மேல் உட்காரவைத்து விசாரித்தார்.

"நீ பார்த்தாயா?"

"பார்த்தேன். பார்த்துத்தான் எழுதினேன்."

"எப்படிப் பார்த்தாய்?"

"பூவைத் தொடக்கூடாது என்று நீங்கள்தானே சொல்லியிருக்கிறீர்கள். தொங்கியபடிதான்."

அப்படியானால் தொங்கும்போது ஃ ஆகத் தெரிவதுதான் அவருடையது என்று ரூத் முடிவு சொன்னார். நானும் ஒப்புக்கொண்டேன். ஆகவே அது முப்பத்தொன்று, மற்றது இருபத்துமூன்று என்று இரண்டுக்கும் பென்சிலால் எண் எழுதினோம். ஆனாலும் இரண்டு சாடிகளையும் கொண்டுபோகச் சொன்னார். "வளர்த்தவர் அவர். காட்டாமல் கொடுக்காதே."

வீட்டில் வந்து நாட்குறிப்பை எடுத்து, அந்த ஜூலை நாளின் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். என் கணவர் எட்டிப்பார்த்தார்.

"என்ன தேடுறீர்? நான் எண்டைக்கு இருமினனான் எண்டும் அதுக்குள்ள கிடக்குமே?"

"கிடக்கும். எத்தினை தரம் எண்டும் கிடக்கும். சும்மா இருங்கோ."

அந்தப் பக்கத்தில் ஒன்பது வரிகள். ஒன்பதையும் படித்தும் எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, இரண்டு சாடிகளையும் பழ அட்டைப்பெட்டியில் வைத்துக் காரில் கொண்டுபோனேன். காரின் சூட்டில் பூக்கள் நன்றாக விரிந்துவிட்டன. ராமையா அங்கிளின் யூனிட்டில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பெரிய ஜன்னல். தேத்தண்ணீர் தந்தார். பாலை ஊற்றும்போது கோப்பையின் விளிம்பில் ஒரு விரலை வைத்து அளவு பார்த்தார்.

"ரெண்டு சட்டி வாசம் வருது. எனக்கு ஒண்ணுதானே?"

நான் நடந்ததைச் சொன்னேன். புகேகோவைச் சொன்னபோது சிரித்தார். வரைபடம் வரையாததைச் சொன்னபோது சிரிக்கவில்லை. பிறகு, பென்சிலால் முப்பத்தொன்று என்று எழுதிய சாடியை அவருக்கு முன்னால் வைத்தேன்.

"இதுதான் உங்கட எண்டு நினைக்கிறன்."

அவர் கையை நீட்டித் தண்டைத் தேடினார். தண்டிலிருந்து விரல் மெதுவாக இறங்கி, பூவுக்குக் கீழே போய், ஒரு குழந்தையின் நாடியைத் தூக்குவதுபோல அதைத் தூக்கியது. தலையைச் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் பார்க்க முயன்றார்.

"மங்கலாத்தான் இருக்கு. நீ சொல்லு. மேல ஒண்ணு, கீழ ரெண்டு. அதானே?"

நான் குனிந்து பார்த்தேன். மேலே இரண்டு. கீழே ஒன்று.

"இல்லை அங்கிள். மேலைதான் ரெண்டு கிடக்கு."

"அப்ப இது என்னுது இல்ல."

"நீங்கள் தூக்கிப் பிடிச்சிருக்கிறியள். விடுங்கோ. தொங்கேக்குள்ளதான் ஃ."

"தொங்கும்போது யாரு பாக்குறா? நான் எப்பவும் இப்படித்தான் பாப்பேன்."

"என்ர குறிப்பிலை ஃ எண்டுதான் கிடக்கு. நான் பூவைத் தொடுறேல்லை. தொங்கினபடி பாத்துத்தான் எழுதினனான்."

அவர் பூவை விட்டார். அது ஆடி நின்றது.

"நீ எங்க மா பாத்த?" என்றார். "அன்னைக்கு மழை லா. பூ மூடிக்கிட்டு இருந்துச்சு, ஈரக் குடை மாதிரி. உள்ள என்ன இருக்குன்னு நான்தான் சொன்னேன். நீ எழுதிக்கிட்ட."

என் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தேன். எந்தப் பக்கத்தை எழுதினாலும் முதல் வரியில் வானிலையைத்தான் எழுதுவேன். வாசிக்கும்போது அந்த வரியைத் தாண்டித்தான் வாசிப்பேன். அன்றைய முதல் வரி: "மழை, காலை முதல். குளிர்." மழையிலும் குளிரிலும் ஸ்நோட்ராப் விரியாது. வெளி இதழ் மூன்றும் மூடியிருக்கும். உள் இதழ் தெரியவே தெரியாது. இரண்டு நாள் கழித்து இன்னொரு வரி: "31: பூவை நத்தை தின்றுவிட்டது." அதன் பிறகு இரண்டு குளிர்காலம் பூ இல்லை.

நான் அந்தக் கோலத்தை என் கண்ணால் பார்த்ததே இல்லை. கேட்டதை எழுதிவிட்டு, எழுதியதைப் பார்த்ததாக மூன்று ஆண்டுகள் நம்பியிருக்கிறேன். ரூத்திடம் பார்த்தேன் என்று சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை. தொங்கும் பூவும் அதில் மூன்று புள்ளிகளும் எனக்கு ஞாபகத்தில் தெளிவாகவே இருந்தன. இப்போதும் இருக்கின்றன. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

ஃ அவருடைய சொல். அவர் பார்க்கும் விதம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது. அப்படியானால் அவருடைய பூ மற்ற சாடியில் இருப்பது. அதை அவர் முன்னால் வைத்தேன். விரல் மறுபடியும் தண்டில் இறங்கி, பூவைத் தூக்கியது. மேலே ஒன்று. கீழே இரண்டு.

"இப்ப எப்படி இருக்கு?"

"ஃ" என்றேன்.

அவர் முகம் மலரும் என்று நினைத்தேன். மலரவில்லை. விரலைப் பூவிலிருந்து எடுத்தார்.

"இப்ப எனக்கே கொழப்பமா இருக்கு" என்றார். "ஆயுத எழுத்து, ஆயுத எழுத்துன்னு பத்து வருசமா சொல்லிக்கிட்டே இருக்கேன். நான் பூவை ஞாபகம் வச்சிருக்கேனா, எழுத்தை ஞாபகம் வச்சிருக்கேனான்னு தெரியல லா."

நாங்கள் இருவரும் தேத்தண்ணீர் குடித்தோம். ஆறிப்போயிருந்தது.

"சரி, நீதானே எழுதி வைக்கிறவ. பொய் இல்லாம சொல்லு. எது என்னுது?"

"தெரியேல்லை அங்கிள்."

அவர் சத்தமாகச் சிரித்தார். "தெரியாதுங்குற. ஆனா ஒரு சட்டியை மட்டும் என் பக்கம் தள்ளிட்டியே. நடுக்கண்ணுதான் போச்சு மா, ஓரம் நல்லாத்தான் தெரியுது."

குனிந்து பார்த்தேன். இரண்டாவது சாடி மேசையின் நடுக்கோட்டைத் தாண்டி அவர் பக்கத்தில் இருந்தது. அதன் விளிம்பில் என் கை இருந்தது. எப்போது தள்ளினேன் என்று எனக்குத் தெரியாது, நாட்குறிப்பிலும் இருக்காது.

"அது இங்க இருக்கட்டும்" என்றார். "மத்ததை எடுத்துக்கிட்டுப் போ. உங்க மேடம்கிட்ட வந்தனம் சொல்லு."

அன்று பிற்பகல் ரூத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் பார்க்கவில்லை என்பதை முதலில் சொன்னேன், மற்றவை பிறகு வந்தன. அவர் நாட்குறிப்பின் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். தமிழ் தெரியாது, ஆனாலும் பார்த்தார். முதல் வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மழை என்றேன். இரண்டு சாடிகளின் எண்களையும் மாற்றி எழுதச் சொன்னார். கொடுத்தது முப்பத்தொன்று, திரும்பி வந்தது இருபத்துமூன்று. திரும்பி வந்ததற்குச் சிவப்புப் பட்டி செருகினார். தூக்கிப் பார்த்த விரலை நம்பலாம், ஆனால் இதுதான் அந்தப் பூ என்பதற்கு விரல் சாட்சி ஆகாது என்றார். பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்து என்னிடம் தந்தார். தொங்கும்போது ஃ ஆகத் தெரிந்த இருபத்துமூன்றுக்கும் குறிப்பேட்டில் ஒரு ஃ எழுதி, இரண்டு ஃ-க்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். அந்தப் பென்சிலை அவர் திருப்பி வாங்கவில்லை. மறந்தாரா, வேண்டுமென்று விட்டாரா, அதுவும் எனக்குத் தெரியவில்லை.

ராமையா அங்கிள் இன்னும் அதே யூனிட்டில்தான் இருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் ஓரக்கண்ணால் பார்த்தார். இப்போது வெள்ளை நிறம்கூடத் தெரிவதில்லை என்கிறார். ஆனால் ஜூலையில் போனால் சாடி மேசைமேல் இருக்கும். பேசிக்கொண்டே விரல் தண்டில் இறங்கும்.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு, சற்று முன்பு செல்வியை அழைத்தேன்.

"செல்வி, அந்தப் பக்கத்திலை 'பார்த்தவர்' எண்டு ஒரு கட்டம் இருக்கோ?"

"ஆமாக்கா. உங்க பேரு போட்டிருக்கேன். எல்லாத்துக்கும் உங்க பேருதானே."

"முப்பத்தொண்டிலை மட்டும் என்ர பேரை எடுத்துவிடுங்கோ. ராமையா எண்டு போடுங்கோ."

"அது யாருக்கா? இங்க வேலை பாத்தவரா?"

"பூவைப் பாத்தவர். மற்றக் கதையைப் பிறகு வாசிப்பீங்கள்."

"சரிக்கா. கேள்விக்குறியை என்ன பண்ண? இது எடுத்துக்கவே மாட்டேங்குது."

"வானிலைக்குக் கட்டம் இருக்கோ?"

"இருக்கு. யாரும் நிரப்புறதில்ல."

"அதிலை மழை எண்டு போடுங்கோ" என்றேன். "அது போதும்."